ஆறாம் எண் கொடுக்கப்பட்டவர்கள்

கோவில்பட்டிக்கு நான் சுற்றிப்பார்க்கப் போகவில்லை. செத்தவர்கள் உண்மையிலேயே செத்துவிட்டார்களா என்று பார்த்துவரத்தான் சிங்கப்பூரிலிருந்து என்னை அனுப்பினார்கள். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என்ன வேலையாகப் போகிறீர்கள் என்று கேட்டபோது இதை அப்படியே சொன்னேன். மதுரை வரும்வரை மனிதர் வாயைத் திறக்கவில்லை.

விளக்கிவிடுகிறேன். நான் மூளை நோய்ப் பிரிவில் நர்ஸாக இருந்து ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாறியவள். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் கசிந்தவர்களில் யார் பிழைப்பார், யார் எழுந்து நடப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா, அவர்களை நல்லபடியாக மீட்க என்ன செய்யலாம் என்று பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து பார்க்கிற வேலை இது. நோயாளி வந்ததும் கசிவு எவ்வளவு பெரிது, மூளையில் எந்த இடம், வயது என்ன, நினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து ஒரு ஸ்கோர் போடுவார்கள். ஆறு மாதம் கழித்து அவர் நிலைமையை விசாரித்து இன்னொரு எண் கொடுப்பார்கள். பூச்சியம் என்றால் பழையபடி நடமாடுகிறார். ஐந்து என்றால் படுத்த படுக்கை. ஆறு என்றால் ஆள் போய்விட்டார்.

கோவில்பட்டியில் எங்களோடு சேர்ந்திருந்த ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து வந்த விடைகள் அளவுக்கு மீறிச் சரியாக இருந்தன. ஸ்கோர் யாரெல்லாம் தேறமாட்டார் என்று சொன்னதோ அவர்கள் ஒருவர் விடாமல் ஆறு. என் மேலதிகாரி ஒரு சீன அம்மாள், சந்தேகப் பிராணி. "எந்த ஊரிலும் ஜோசியம் இவ்வளவு பலிக்காது. தமிழ் தெரிந்தவள் நீ ஒருத்திதான். வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வா" என்றாள்.

முதல் நாள் காலையில் என்னைக் கூட்டிப்போக லாட்ஜுக்கு வந்தவர் சாகுல் பாய். அந்த மருத்துவமனையில் எங்கள் ஆய்வுக்காக நோயாளிகளின் வீடுகளுக்குப் போன் போட்டு விசாரிப்பவர். ஐம்பது வயதிருக்கும், முன்பு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. "சாப்பிட்டாச்சா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுதான். பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வாங்கிக் கொடுத்து, போதாது என்று கருப்பட்டிக் காப்பியும் சொன்னார். எங்கள் ஊர்க் கோப்பிக் கடைகளில் டின்பால் ஊற்றிக் கொடுப்பதைக் குடித்துக் குடித்து மரத்துப்போன நாக்கு எனக்கு. அந்தக் காப்பியைக் குடித்ததும் கொஞ்ச நேரம் உலகத்தின் மேல் கோபம் இல்லாமல் இருந்தேன்.

அது மருத்துவமனைப் படியேறும்வரைதான் நீடித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தார். பெயர் பார்வதி. கயத்தாற்றில் லாரிகள் நிற்கிற இடத்தில் டீக்கடை போட்டிருக்கிற சண்முகையா என்பவரின் மனைவி. முந்தின நாள் சாயங்காலம் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். உள்ளே போய்ப் பார்த்தேன். மூளையில் கசிவு, பெரியதுதான். ஆனால் தானாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கையைக் கிள்ளினால் இழுத்துக்கொண்டார்.

டாக்டர் வெளியே வந்து பார்வதியிடம் சொன்னார்: "ஸ்கோர் நல்லா இல்லம்மா. நாளைக்கு வரைக்கும் பாப்போம். சொந்தக்காரங்களுக்குச் சொல்லி விட்டுருங்க."

பார்வதிக்கு முதல் இரண்டு வாக்கியமும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மூன்றாவதைக் கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எங்கள் துறையில் எல்லோரும் படித்த பாடம் ஒன்று உண்டு: கசிவு வந்த முதல் ஓரிரு நாளில் தீர்ப்பு எழுதாதே, செய்யவேண்டிய வைத்தியத்தை முழுசாகச் செய்துவிட்டுப் பேசு. எங்கள் ஊரிலும் ஸ்கோரைப் பார்த்ததும் குரல் மாறுகிற டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் சொந்தக்காரர்களைக் கூட்டச் சொல்லி முதல் நாளே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் சரிபார்க்க வந்தவள், வைத்தியம் பேச வந்தவள் அல்ல என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கழுகுமலைக்குப் பேருந்தில் போனோம். பாட்டுச் சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. பாதி வழியில் டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக்கொண்டு ஏறினார். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் ஊரில் ரயில் இரண்டு நிமிடம் தாமதமானால் அமைச்சர் மன்னிப்புக் கேட்க வேண்டும். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் கூடையை என் மடியில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனார். ஏதோ அசைந்தது. திறந்து பார்க்கவில்லை.

அங்கே நாங்கள் தேடிப்போனது மாடசாமி என்பவரின் வீடு. அவருக்கு ஆறு. அது சரிதான், சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. மகள் இசக்கியம்மாள் தீப்பெட்டி ஆபீஸ் என்று இங்கே சொல்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். காராச்சேவும் டீயும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். எப்படி நடந்தது என்று கேட்டேன்.

"எங்கப்பா என் விரல அமுக்குனாவ. நான் டாக்டர்ட்ட சொன்னேன். அது தானா நடக்கதும்மா, வீட்டுக்குக் கொண்டு போயிருங்கன்னுட்டாவ. கொண்டாந்தோம். ஊரே வந்து பால் ஊத்துச்சு."

இந்தப் பழக்கம் எனக்குத் தெரியும். போகிற உயிர் நாக்கு நனைந்து போகட்டும் என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வாயில் ஒரு மடக்குப் பால் விடுவது. ஆனால் மூளையில் ரத்தம் கசிந்து கிடப்பவருக்குச் சரியாக விழுங்க வராது. ஊற்றியது நேரே நுரையீரலுக்குப் போகும்.

"ஊத்த ஊத்த இருமுனாவ. உசுரு இழுக்குன்னு பெரியவிய சொன்னாவ. மறுநா நெஞ்சுல கொறகொறன்னு ஒரே சத்தம். காய்ச்சல் கொதிச்சுது. அப்புறம் தாங்கல." என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "நான்தான் மொதல்ல ஊத்துனேன். அதுனாலயா போயிட்டாவ?"

இருபது வருஷ அனுபவத்தில் இந்த மாதிரிக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லவும் மனசு வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. "வாயில எதுவும் ஊத்தக் கூடாதுன்னு யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். "அப்ப உங்க மேல எந்தத் தப்பும் இல்ல" என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பியமாதிரித் தெரியவில்லை.

திரும்பி வருகிற பேருந்தில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யோசித்துப் பாருங்கள். தேறமாட்டார் என்று ஸ்கோர் சொல்கிறது. அதை நம்பி டாக்டர் வீட்டுக்கு அனுப்புகிறார். அவரை நம்பி வீட்டில் பால் ஊற்றுகிறார்கள். ஆள் போகிறார். நாங்கள் ஆறு என்று எழுதிக்கொண்டு, ஆகா, ஸ்கோர் எவ்வளவு கச்சிதம் என்கிறோம். அந்தக் கச்சிதத்தை நம்பி அடுத்தவரை அனுப்புகிறார்கள். விதைத்த மறுநாளே வயலில் மாட்டை அவிழ்த்துவிட்டு, இந்த நிலத்தில் ஒன்றும் விளையாது என்று எழுதிவைத்தால் அது ஆராய்ச்சியா? இதற்காகவா நான் எண்களைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்?

"சாப்பிட்டுப் பேசுவோம்மா" என்றார் சாகுல் பாய். புரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன். கோபத்தோடு சாப்பிட்டாலும் நன்றாகத்தான் இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

இரண்டாம் நாள் புதூர்ப் பக்கம் ஒரு கிராமம். வாடகைக் காரில் போனோம். இரவில் மழை பெய்திருந்தது. தார்ச்சாலை முடிந்து வண்டிப் பாதை தொடங்கிய இடத்தில் கார் நின்றுவிட்டது. கரிசல் மண் நனைந்தால் என்ன ஆகும் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். இறங்கிய முதல் அடியில் செருப்பு மண்ணோடு ஒட்டிக்கொண்டது, இரண்டாம் அடியில் அறுந்துவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்து தள்ளிப் பார்த்தார்கள். "ஏலே, முன்னால தள்ளாத, பின்னால இழு" என்று ஒருவர், "பின்னால இழுத்தா ஓடைல போயிரும்லே" என்று இன்னொருவர். அவர்கள் முடிவெடுப்பதற்குள் நாங்கள் நடக்கத் தொடங்கிவிட்டோம். நான் வெறுங்காலோடு.

நடக்கும்போதே சாகுல் பாய் எனக்குப் பாடம் நடத்தினார். "துக்க வீடும்மா. மொகத்தக் கொஞ்சம் அப்படி வச்சுக்கிடுங்க. கெளம்பும்போது போயிட்டு வாரேன்னு சொல்லிராதீங்க, பேசாம எந்திரிச்சு வந்துரணும்." நாங்கள் விசாரிக்கப் போனது குருவம்மாள் என்பவரைப் பற்றி. ஸ்கோர் மோசம், வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், ஆறு.

வீட்டு முற்றத்தில் ஆட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு கயிற்றுக் கட்டில். அதில் ஒரு அம்மாள் உட்கார்ந்து வலது கையால் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். இடது கை மடியில் சும்மா கிடந்தது. சாகுல் பாய் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "குருவம்மா வீடு இதுதானா?" என்று கேட்டார்.

"நாந்தான். என்ன வேணும்?" என்றார் அந்த அம்மாள். கொஞ்சம் குழறியது, ஆனால் தெளிவாகத்தான் கேட்டது.

சாகுல் பாய் அப்படியே நின்றுவிட்டார். அந்த அம்மாள் வீட்டுக்குள் திரும்பித் தெலுங்கில் ஏதோ சத்தம் போட்டார். அவர்கள் வீட்டில் பேசிக்கொள்வது தெலுங்கு. பாய்க்கு அது கொஞ்சம் தெரியும். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தார்: "யாரு இவங்க, நான் செத்துட்டேனான்னு பாக்க வந்தவங்க மாதிரி நிக்காங்க?"

மருமகள் ஜோதி வெளியே வந்து மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரித்ததில் சொம்பு தளும்பியது.

"சாகத்தான் கொண்டாந்து போட்டோம். பால் காய்ச்சி எல்லாம் வச்சாச்சு. ஆனா அத்தையோட அண்ணன் குவைத்துல இருக்காவ. அவியளுக்கும் எங்க மாமனாருக்கும் கல்யாணத்துலருந்தே ஆகாது. போன்ல கத்திட்டாவ, என் தங்கச்சி வாயில மொதப் பால் என் கையாலதான், நான் வாரதுக்கு முந்தி எவனும் ஊத்துனா நடக்கதே வேறன்னு. சரி வரட்டும்னு இருந்தோம். லீவு கெடைக்கல. அப்புறம் டிக்கெட் கெடைக்கல."

"அதுவரைக்கும் சாப்பாடு?"

"மூக்குல டியூப் இருந்துச்சு, ஆஸ்பத்திரில எடுக்க மறந்துட்டாவ. பட்டினியா போட முடியுமா? நர்சு எப்படி ஊத்துனாவளோ அதே மாதிரி தலைய ஒசத்தி வச்சு அதுல கஞ்சித் தண்ணி ஊத்துனேன். முதுகுல புண்ணு வந்துரக் கூடாதேன்னு பொரட்டிப் பொரட்டிப் படுக்க வச்சேன். அண்ணன் பெட்டியோட வந்து எறங்கும்போது அத்தை கண்ணு முழிச்சு இருக்காவ. மொதல்ல அவியளத்தான் ஏசுனாவ, ஏன் இம்புட்டு லேட்டுன்னு."

நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. ஒரு குடும்பச் சண்டையாலும், ஒரு நர்ஸின் மறதியாலும் ஒரு மனுஷி உயிரோடு இருக்கிறார். வைத்தியத்தால் அல்ல. எங்கள் ஆராய்ச்சியால் நிச்சயமாக அல்ல. ரத்த அழுத்தம் பார்த்தேன், தாறுமாறாக ஏறிக் கிடந்தது. மாத்திரை தினமும் போட வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வார்கள்? மருத்துவமனைக் கணக்கில் அவர்தான் இல்லையே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கச் சொல்லி ஜோதியிடம் இரண்டு தரம் சொன்னேன். குருவம்மாளைப் பிடித்து நடக்கவைத்துப் பார்த்தேன். ஆள் துணை இருந்தால் கட்டிலிலிருந்து வாசல்வரை வருகிறார். ஆறை அடித்துவிட்டு நான்கு எழுதினேன்.

சேற்றில் நடந்து திரும்பும்போது சாகுல் பாயிடம் கத்தினேன். "ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே பாய்!"

அவர் சேற்றில் புதைந்த செருப்பை இழுத்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுக்குக் கொண்டு போயிட்டாவன்னாலே முடிஞ்சுதுன்னுதாம்மா இங்கன அர்த்தம். அந்த வீட்டுக்குப் போன் போட்டு, செத்துட்டாவளா இருக்காவளான்னு எப்படிக் கேக்கது? எந்த வாயால கேக்க?"

இவ்வளவு மரியாதை தெரிந்த மனிதரை வைத்துக்கொண்டு எங்கள் கணக்கு இவ்வளவு கேவலமாகியிருக்கிறதே என்றுதான் தோன்றியது. கார் சேற்றிலிருந்து வெளியே வந்திருந்தது. ஆட்டுக்காரர்கள் முன்னால் தள்ளினார்களா பின்னால் இழுத்தார்களா என்று டிரைவர் கடைசிவரை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மருத்துவமனைக்குப் போனால், வாசலில் ஆம்புலன்ஸ். சண்முகையாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். ஒரு நர்ஸ் அவர் மூக்கு டியூபை உருவக் கையை வைத்திருந்தார். "அதத் தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வரவேற்பில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

டாக்டர் வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தூங்காத கண், கசங்கிய சட்டை. "ஸ்கோர் சொல்லுதும்மா, நான் சொல்லல" என்றார்.

"ஸ்கோருக்கு வாய் கிடையாது டாக்டர். அதை எழுதினது எங்களை மாதிரி ஆட்கள்தான். யாரை வீட்டுக்கு அனுப்பலாம்னு அதுல ஒரு வரிகூட இல்ல. கிள்ளினா கையை இழுத்துக்கறார். இன்னும் ரெண்டு நாள் வைங்க."

"நீங்க நாளைக்கு பிளைட் ஏறிருவீங்க. ஆஸ்பத்திரில உசுரு போச்சுன்னா அவங்க என் சட்டையப் பிடிப்பாங்க." அவர் கை காட்டிய திசையில் சண்முகையாவின் அண்ணன் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முடிவெடுத்துவிட்ட முகம்.

"வெளிய உசுரு போனா வீட்டுக்குள்ள வைக்க விட மாட்டாவம்மா, தெருவுலதான் போடணும். எந்தம்பி அவன் வீட்டுல கெடந்து போகட்டும்" என்றார். அவர் சொன்னதிலும் பாசம்தான் இருந்தது. இந்த ஊரில் எனக்கு வாய்த்த துயரமே அதுதான், சண்டை போட ஒரு அயோக்கியன்கூடக் கிடைக்கவில்லை. வாதாடிப் பார்த்தேன், தோற்றேன். டியூபை மட்டும் விட்டுவைக்க டாக்டர் ஒப்புக்கொண்டார். நான் யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டேன். சாகுல் பாய் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறினார்.

நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். சைரன் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "வீட்டுக்குப் போற கேசுக்குப் போட மாட்டோம்மா" என்றார் டிரைவர். வரும்போது அவசரம், போகும்போது சரக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் எட்டி அந்தச் சுவிட்சை நானே போட்டிருப்பேன். அதற்குள் போடுங்க என்று சாகுல் பாய் டிரைவரை அதட்டினார். அந்த மனிதர் அதட்டி அன்றுதான் கேட்டேன். சைரன் அலறியது, லாரிகள் ஒதுங்கின.

அந்தச் சத்தத்துக்கு நடுவில், கூடவே ஏறியிருந்த பார்வதிக்குக் கற்றுக்கொடுத்தேன். தலைமாட்டை எப்போதும் உயர்த்தி வைக்க வேண்டும். டியூபில் மட்டும்தான் கஞ்சி. பகலிலும் ராத்திரியிலும் மாற்றி மாற்றி ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையைப் பொடித்து டியூபிலேயே கரைத்து விட வேண்டும். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது.

"பாலுமா?" என்று கேட்டார்.

"பாலும்."

அவர் தன் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாகுல் பாய் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே பேசினார். "தாயீ, புதூர்ப் பக்கம் ஒரு அம்மா. செத்துட்டாவன்னு என் கையால எழுதிட்டேன். நேத்து அவிய வீட்டுல உக்காந்து மோர் குடிச்சேன் பாத்துக்கிடுங்க. அவிய வாயில யாரும் பால் ஊத்தல. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்."

நான் அவ்வளவு நேரம் பேசியது அந்த அம்மாளுக்குள் இறங்கியதோ இல்லையோ, இது இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கயத்தாற்றில் அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது பந்தல்காரர்கூட வந்து நின்றிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளில் சொந்தபந்தம். சைரனோடு வந்ததைப் பார்த்து எல்லோரும் குழம்பி எழுந்தார்கள். உள்ளே கட்டிலில் சண்முகையாவை இறக்கினோம். நான் தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்து உயர்த்தினேன். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் ஒரு டம்ளர் நிறையப் பாலோடும், குழந்தைகளுக்குப் புகட்டுகிற பாலாடையோடும் வந்தார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. "மொதல்ல நீ ஊத்து தாயீ" என்று டம்ளரைப் பார்வதியிடம் நீட்டினார். நான் வாயைத் திறந்தேன். சாகுல் பாய் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

பார்வதி டம்ளரை வாங்கினார். கணவரைப் பார்த்தார். வரிசையில் நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். பிறகு அண்ணாந்து, அத்தனை பேர் பார்க்க, அந்தப் பாலை ஒரே மூச்சில் தானே குடித்தார். அவர் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு காலி டம்ளரை அண்ணன் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அவிய இன்னும் போகல அத்தான். போனா நானே சொல்லி விடுதேன், அப்ப எல்லாரும் வாங்க."